எழுவான்கரைக் காருக்கு எந்தச் சைலன்சர்? கறள் தாங்கும் உலோகத்தைத் தெரிவு செய்யும் வழி

எங்கள் வீடு கல்லடியில். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். இரண்டுக்கும் நடுவில்தான் கார் நிற்கிறது. பழைய கொரோலா. ஜப்பானிலிருந்து வரும்போதே பூட்டியிருந்த சைலன்சர் பத்து வருடத்துக்கு மேல் உழைத்தது. அது ஓட்டை விழுந்ததும் ஒரு கராஜில் புதிதாகச் செய்து பூட்டினேன். வெள்ளிப் பூச்சோடு மினுங்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது மாரி முடிவதற்குள் அதன் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. விலை கேட்டிருந்தேன், எத்தனை நாளில் தருவீர்கள் என்று கேட்டிருந்தேன். என்ன இரும்பில் செய்கிறீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது, வரும் பதிலை எப்படிச் சரிபார்ப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் தடவை சைலன்சர் மாற்றப் போகிறவர்களுக்கு, அதுவும் மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்கு. நுவரெலியாவில் ஓடும் காரின் கணக்கு வேறு, நம்முடைய கணக்கு வேறு.

முதலில், கார் எங்கே உறங்குகிறது?

எழுவான்கரையா (வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள பக்கம்), படுவான்கரையா (வாவிக்கு மேற்கே உள்நாட்டுப் பக்கம்)? உலோகம் தெரிவு செய்ய இதுதான் முதல் கேள்வி.

கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று கரையோரம் முழுக்க வீடுகள் கடலுக்குக் கிட்டத்தான் இருக்கின்றன. கடல்காற்றில் வரும் உப்பு காரின் அடியில் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கசியத் தொடங்கும். வீட்டில் உப்புப் போத்தல் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் கரையில் இரவுகள் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவைதான். ஆகவே மழையே பெய்யாவிட்டாலும் காரின் அடிப்பக்கம் இரவில் உப்பு நீரில் நனைந்துதான் கிடக்கிறது.

கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, சம்மாந்துறை, அம்பாறை நகரம் என்று உள்ளே போகப் போக உப்புக் குறையும். அங்கே சேறும் மாரிக்கால வெள்ளமும்தான் தொல்லை. சேறு குழாயின் மேற்பக்கத்திலும் கிளாம்ப் இடுக்குகளிலும் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஈரம் வைத்திருக்கும். அதுவும் அரிக்கும், ஆனால் உப்பைப் போல வேகமாக அல்ல.

அடுத்தது, ஒரு ஓட்டத்தில் எவ்வளவு தூரம் போகிறீர்கள்?

சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் கறள் பிடிப்பதில்லை. பின் சைலன்சரை உள்ளேயிருந்து வரும் கறள்தான் பெரும்பாலும் முதலில் தின்கிறது. பலர் கவனிக்காத விசயம் இது.

ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. பெற்றோலில் உள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாக வெளியே போகிறது. எஞ்சினும் குழாயும் நன்றாகச் சூடாகிவிட்டால் அந்த ஆவி அப்படியே வெளியேறிவிடும். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, சந்தைக்குப் போய், பத்து நிமிடத்தில் வீட்டுக்குத் திரும்பினால் பின் சைலன்சர் சூடாகவே ஆகாது. ஆவி உள்ளே குளிர்ந்து தண்ணீராகித் தேங்கும். எரிபொருளிலுள்ள கந்தகமும் மற்றப் புகைப்பொருட்களும் அந்தத் தண்ணீரில் கரைந்து அமிலத்தன்மையைக் கொடுக்கும். அந்த அமில நீர் சைலன்சரின் அடித்தகட்டில் இரவு முழுக்கக் கிடக்கிறது.

அக்குவா, பிரியஸ், ஹைபிரிட் வாகன்ஆர் வைத்திருப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நெரிசலில் எஞ்சின் அடிக்கடி நின்றுவிடுவதால் சைலன்சர் சூடேற இன்னும் நேரம் எடுக்கும். எரிபொருளை மிச்சம் பிடிப்பது நல்லதுதான், ஆனால் பின் சைலன்சருக்கு அது ஈரம்.

இனி ஒரு சின்ன ஓட்டை பற்றி. பின் சைலன்சரின் அடியில், மிகத் தாழ்ந்த இடத்தில், ஊசி போன ஓட்டை ஒன்று இருந்தால் அது பழுதாக இல்லாமல் இருக்கலாம். தேங்கும் தண்ணீர் வடியட்டும் என்று பல கம்பனிகள் வேண்டுமென்றே வைத்த ஓட்டை அது. வட்டமாக, ஓரம் சுத்தமாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஓட்டை என்று சொல்லி யாராவது ஒட்ட வந்தால் தடுத்துவிடுங்கள்.

காருக்கு அடியில் போய்ப் பார்த்தல்

எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு பாருங்கள். ஜெக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். ஸ்டாண்ட் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கராஜின் குழியில் விட்டுப் பார்க்க வேண்டும். ஸ்குரூ ட்ரைவரின் மரப்பிடியால் முன்னிருந்து பின்னுக்குத் தட்டிக்கொண்டே வாருங்கள். கணீரென்று கேட்கும் இடத்தில் உலோகம் இருக்கிறது. மொத்தென்று அடங்கும் இடத்தில் தகடு மெலிந்துவிட்டது. பெட்டியை ஆட்டும்போது உள்ளே கலகலவென்றால் உள்தகடுகள் கழன்றுவிட்டன. இணைப்புகளைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது.

இப்படிப் பார்த்தால் முழுவதையும் மாற்றத் தேவையில்லை என்று பெரும்பாலும் தெரியவரும். எஞ்சினை ஒட்டி, புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் மனிஃபோல்ட் பக்கம் 600 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாவதால் அங்கே தண்ணீர் நிற்காது. நடுக்குழாயும் ஓரளவு தப்பும். வால்பக்கப் பெட்டியும் அதற்கு முந்திய வளைவும்தான் முதலில் போகும். முன்பகுதி நன்றாக இருந்தால் அதை விட்டுவிட்டு, பின்பகுதிக்கு நல்ல உலோகத்தில் செலவழிப்பதுதான் என் கணக்கில் சரி. முழுவதையும் மலிவாக மாற்றுவதைவிட அது நீண்ட நாள் நிற்கும்.

முன்பக்கத்தில் கசிவு இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அங்கே கசியும் புகையில் காபன் மொனொட்சைட் இருக்கும்; மணமில்லாத நஞ்சு. தரையில் கறள் ஓட்டை உள்ள பழைய வான்களில் அது நேரே உள்ளே வரும்.

கடையில் கிடைக்கும் உலோகங்கள்

சாதாரண இரும்புக் குழாயிலிருந்து தொடங்குவோம். மைல்ட் ஸ்டீல். வளைக்க இலகு, எந்த வெல்டிங் கடையிலும் ஒட்டலாம், விலையும் குறைவு. கறளைத் தடுக்க அதற்குள் எதுவும் இல்லை. மேலே அடித்த பூச்சு மட்டும்தான். அந்தப் பூச்சு உள்பக்கத்தில் கிடையாது. உள்ளேயிருந்து வரும் கறளைப் பற்றி மேலே சொன்னதை நினைத்துப் பார்த்தால் வெள்ளிப் பூச்சுக்குக் காசு கொடுப்பதில் பயனில்லை என்பது விளங்கும். என்னுடையது அப்படித்தான் போனது.

அடுத்தது தண்ணீர்க் குழாயாக விற்கும் ஜி.ஐ. பைப். நாகப் பூச்சு இருக்கிறதுதானே, கறள் பிடிக்காதே என்று சிலர் இதைச் சைலன்சருக்குக் கொண்டுவருவார்கள். வேண்டாம். நாகம் 420 பாகையளவில் உருகிவிடும், எஞ்சினுக்குக் கிட்ட அந்தப் பூச்சு நிற்காது. ஒட்டும்போது கிளம்பும் வெள்ளைப் புகை, ஒட்டுகிற பாஸுக்கு அன்றிரவே குளிர்க்காய்ச்சல் போல உடம்பை முறிக்கும். அவருக்காகவாவது இதைத் தவிர்க்க வேண்டும்.

அலுமினியப் பூச்சு இரும்பு வேறு. இரும்புத் தகட்டை, கொஞ்சம் சிலிக்கன் கலந்த உருகிய அலுமினியத்தில் முக்கி எடுத்துச் செய்வது. பூச்சு உள்ளும் புறமும் இருக்கும். 600 பாகையைத் தாண்டியும் தாங்கும். பார்க்க மங்கலான வெண்சாம்பல் நிறம். பெட்டியோடு ஆயத்தமாக வரும் மாற்றுச் சைலன்சர்கள் பலவும் இதில்தான் செய்யப்படுகின்றன. இதன் பலவீனம் வெட்டும் இடத்திலும் ஒட்டும் இடத்திலும் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் பூச்சு எரிந்துபோகும். அந்த ஓர் அங்குலம் வெறும் இரும்பாகிவிடும். ஆகவே இதை வாங்கினால் உங்கள் காருக்கென்றே அளவெடுத்துச் செய்ததை வாங்கி, ஒட்டாமல் போல்ட்டால் பூட்டுங்கள். ஒட்டியே ஆகவேண்டும் என்றால் ஒட்டிய இடத்துக்குச் சூடு தாங்கும் அலுமினியப் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள்.

இனி ஸ்டெயின்லெஸ். இங்கேதான் நிறையக் குழப்பம். ஸ்டெயின்லெஸ் என்பது ஒரே உலோகத்தின் பெயரல்ல, பெரிய குடும்பம். அதில் கறளைத் தடுப்பது குரோமியம். 10.5 வீதத்துக்கு மேல் குரோமியம் கலந்தால் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் உண்டாகிறது. கீறினாலும் காற்றுப் பட்டதும் அது தானே மூடிக்கொள்ளும்.

409 என்ற இனத்தில் குரோமியம் ஏறத்தாழ 11 வீதம். நிக்கல் இல்லாததால் விலை குறைவு. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டு மாடல் கார்களிலிருந்து, புகையிலுள்ள நஞ்சைக் குறைக்கும் கற்றலிட்டிக் கொன்வேட்டர் பரவியபோது, அதன் சூட்டைத் தாங்க இந்த 409 பெரிய அளவில் கைகொடுத்தது. இன்றும் உலகெங்கும் கார்க் கம்பனிகள் சைலன்சருக்கு அதிகம் பயன்படுத்துவது 409ஐயும் அதன் உறவுக்காரர்களையும்தான். ஜப்பானியக் கம்பனிகள் பின் சைலன்சர் பெட்டிக்கு 436எல் என்ற இனத்தையும் பயன்படுத்துகின்றன. அதில் குரோமியம் 17 வீதத்துக்குக் கிட்ட, கூடவே கொஞ்சம் மொலிப்டினம். காரோடு வந்த சைலன்சர் பத்து வருடம் தாங்கியதும் நான் செய்வித்தது இரண்டு மாரியில் போனதும் ஏன் என்று எனக்கு விளங்கியது இதைப் படித்த பிறகுதான்.

409 வாங்கினால் ஒன்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். நம் கரையில் சில வாரங்களிலேயே வெளியே பழுப்பு நிறம் படியும். பதற வேண்டாம். அந்தக் கறள் மேலாகத்தான் நிற்கும், சாதாரண இரும்பைப்போல் வேகமாக உள்ளே ஊடுருவாது.

304 என்பது 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்டது. சில சமையல் பாத்திரங்களில் 18/8 என்று அடித்திருப்பது இதைத்தான். உள்ளே தேங்கும் அமில நீரை 409ஐவிட நன்றாகத் தாங்கும். கடலோரத்தில் இதன் மேலும் தேயிலைச் சாயம் போலப் பழுப்புப் படியும். அது பெரும்பாலும் அழகைக் கெடுக்கும், உலோகத்தை அல்ல. உப்பு நீண்ட நாள் கழுவப்படாமல் கிடந்தால் ஊசிக்குழிகள் விழலாம். இதன் இன்னொரு குணம், சூட்டில் அதிகம் விரிவது. ஒரு மீற்றர் 304 குழாயின் சூடு 300 பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் நீளும். சாதாரண இரும்பு 4 மில்லிமீற்றருக்கும் குறைவு. அந்த விரிவுக்கு இடம் விடாமல் இறுக்கிப் பூட்டினால் ஒட்டிய இடம் வெடிக்கும்.

அதன் பக்கத்திலேயே 201 என்ற இனம் இருக்கும். நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்தது. கண்ணுக்கு 304 மாதிரியே மினுங்கும். படிக் கைபிடிக்கும் கேற்றுக்கும் விற்கும் மினுங்கும் குழாய்களில் இது நிறைய இருக்கிறது. கடற்காற்றில் 304 அளவுக்கு இது நிற்காது.

316இல் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் உண்டு. உப்பை 304ஐவிட நன்றாகத் தாங்கும், விலையும் கூடும். பாசிக்குடாவில் கடற்கரையோடு நிறுத்தும் வான் என்றால் நினைத்துப் பார்க்கலாம். வீட்டுக் காருக்கு, அந்த மேலதிகக் காசை நல்ல வெல்டிங்குக்குக் கொடுப்பது மேல் என்பது என் அபிப்பிராயம்.

காந்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்

'காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் நல்ல ஸ்டெயின்லெஸ்' என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் பொக்கற்றில் காந்தத்தோடு கடைகடையாக ஏறினேன். காத்தான்குடியில் ஒரு வெல்டிங் கடை நானா என் கையைப் பார்த்துவிட்டு, மூலையில் கிடந்த ஒரு பழைய ஜப்பான் சைலன்சரை எடுத்து வைத்தார். "இதில போட்டுப் பாருங்க தம்பி" என்றார். காந்தம் டக்கென்று ஒட்டியது. "இது பதினைஞ்சு வருசம் ஓடினது. இப்ப இதில போட்டுப் பாருங்க" என்று மினுங்கும் கைபிடிப் பைப் துண்டு ஒன்றைக் கொடுத்தார். ஒட்டவில்லை. "இது நம்மட கேற்றில பூட்டி ஒரு வருசத்தில புள்ளி போட்டுட்டு."

விசயம் இதுதான். 409, 436 இரண்டிலும் காந்தம் ஒட்டும். சைலன்சருக்கு அவை நல்லவை. 304இல் ஒட்டாது, மலிவான 201இலும் ஒட்டாது. வளைத்த இடத்தில் 304கூட இலேசாக இழுக்கும். ஆகவே காந்தம் ஒட்டியது என்பதற்காக ஒன்றை ஒதுக்கவும் வேண்டாம், ஒட்டவில்லை என்பதற்காக வாங்கவும் வேண்டாம்.

அப்படியென்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? புதுக் குழாயானால் அதன் நீளத்தில் இனத்தின் எண் அச்சடித்திருக்கிறதா என்று பாருங்கள். பற்றுச்சீட்டில் '304' என்று எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். வெறுமனே 'ஸ்டெயின்லெஸ்' என்று எழுதினால் ஏற்காதீர்கள். எழுதித் தரத் தயங்குகிற கடையில் நான் வாங்குவதில்லை. வெள்ளிப் பூச்சு அடித்ததா என்று சந்தேகம் வந்தால் சாவியால் ஒரு மூலையில் கீறிப் பாருங்கள். பூச்சு உரிந்து கீழே கறுத்த இரும்பு தெரியும்.

நேரம் இருந்தால் இன்னொரு வழி. குழாயில் வெட்டிய ஒரு சின்னத் துண்டை வாங்கி, உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றி இரவு முழுக்க வைத்துவிடுங்கள். சாதாரண இரும்பு என்றால் காலையில் துணி செம்மஞ்சளாகியிருக்கும். 409இல் அங்கங்கே மெல்லிய புள்ளி வரலாம். 304இலும் 201இலும் ஒரு இரவில் ஒன்றும் வராது. அவை இரண்டையும் பிரித்தறிய, துண்டைக் கடற்காற்றுப் படும் மதிலில் சில வாரம் போட்டு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இரும்புக்கடையில் சோதனைத் திரவம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்; அது 201இல் நிறம் மாறும்.

தடிப்பையும் அளந்து பாருங்கள். 1.2 மில்லிமீற்றர் தகட்டுக்கும் 1.5 மில்லிமீற்றர் தகட்டுக்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒட்டும்போது மெல்லியது ஓட்டையாகும். 304 என்றால் 1.5ஐக் கேளுங்கள். சாதாரண இரும்பைத்தான் வாங்க முடியும் என்றால் 2 மில்லிமீற்றர் கேளுங்கள். தின்னக் கொஞ்சம் கூடுதலாக இரும்பு இருக்கட்டும்.

செய்விப்பதா, பழையதை வாங்குவதா?

கொழும்பு பஞ்சிகாவத்தையிலிருந்தும் மற்றச் சாமான் கடைகளிலிருந்தும் ஜப்பானில் கழற்றிய சைலன்சர்கள் கிடைக்கும். உங்கள் மாடலுக்கே உரியது என்பதால் வெட்டாமல் ஒட்டாமல் பூட்டலாம். உலோகமும் நல்லது. எனக்கு இது பிடித்த வழி. ஒரே பயம், ஜப்பானில் பனி விழும் பகுதிகளில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள். அங்கே ஓடிய காரின் சைலன்சர் வரும்போதே தேய்ந்திருக்கும். கையில் தூக்கிக் குலுக்குங்கள், அடியைத் தட்டுங்கள், பெட்டியின் மடிப்பு ஓரங்களை விரலால் தடவுங்கள். செதில் செதிலாக உரிந்தால் வேண்டாம்.

உள்ளூரில் செய்விப்பதானால் ஒரு கேள்வியை மறக்காதீர்கள்: "உள்ளே போடும் தகடும் ஸ்டெயின்லெஸ்ஸா?" வெளிப்பெட்டி 304ஆக இருந்து உள்ளே துளையிட்ட குழாயும் தடுப்புத் தகடும் சாதாரண இரும்பாக இருந்தால், பெட்டி அப்படியே நிற்கும், உள்ளே எல்லாம் உதிர்ந்து கலகலக்கும். கண்ணாடிப் பஞ்சு அடைப்பதானால் அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அடியில் வடிகால் ஓட்டை ஒன்று கட்டாயம் வேண்டும்.

இன்னும் இரண்டு, மூன்று வருடத்தில் விற்கப்போகும் காருக்கு அலுமினியப் பூச்சு போதும். பிள்ளைகள் வளரும்வரை வைத்திருக்கப்போகும் காருக்கு, முதல் தெரிவு கம்பனிச் சைலன்சர், இரண்டாவது நல்ல கையால் ஒட்டிய 304. விலையைக் கேட்கும்போது குழாய்க்கு எவ்வளவு, பெட்டிக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். நான்கு தடவை மைல்ட் ஸ்டீல் மாற்றும் கூலியையும் அலைச்சலையும் சேர்த்துப் பார்த்தால் 304 அவ்வளவு விலையாகத் தெரியாது.

ஒட்டுகிற இடம்தான் முதலில் போகும்

நல்ல உலோகத்தை வாங்கிக் கெட்ட வெல்டிங்கில் கெடுப்பது நிறைய நடக்கிறது. 304ஐ ஆர்கன் வெல்டிங்கில்தான் ஒட்ட வேண்டும் என்று கேளுங்கள். ஒட்டும்போது உருக்கிச் சேர்க்கும் கம்பி முக்கியம்: 304ஐ 304ஓடு ஒட்ட 308எல், 304ஐச் சாதாரண இரும்போடு ஒட்ட 309எல். சாதாரண இரும்புக் கம்பியால் ஒட்டினால் அந்த ஒட்டுத்தான் முதலில் கறள் பிடிக்கும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், 304ஐ ஏறத்தாழ 425 முதல் 850 பாகைச் சூட்டில் நீண்ட நேரம் வைத்தால் உள்ளேயுள்ள காபன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். குரோமியம் குறைந்த கோடு ஒன்று ஒட்டின் இருபக்கமும் விழும்; கறள் அந்தக் கோட்டில் ஓடும். கம்பியின் பெயரில் வரும் 'எல்' காபன் குறைந்தது என்பதைக் குறிக்கிறது. பாஸ் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பச் சூடாக்காமல் விரைவாக ஒட்டி முடிப்பதும் இதற்காகத்தான். குழாயின் உள்ளேயும் ஆர்கன் விடும் வசதி இருந்தால் மிக நல்லது. இல்லாவிட்டால் ஒட்டின் உள்பக்கம் கருகிச் சீனி மாதிரிப் பொருபொருத்துக் கிடக்கும்.

கிரைண்டரையும் பாருங்கள். காலையில் கேற் இரும்பைத் தீட்டிய அதே கல்லால் உங்கள் 304ஐத் தீட்டினால் இரும்புத் துகள் அதில் பதிந்து புள்ளிபுள்ளியாகக் கறள் வரும். புதுக் கல்லையும் ஸ்டெயின்லெஸ் கம்பித் தூரிகையையும் நானே வாங்கிக்கொண்டு போனேன். பாஸ் ஒன்றும் குறையாக நினைக்கவில்லை.

காரில் வைத்து ஒட்டுவதானால் பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றியே ஆகவேண்டும். ஒட்சிசன் சென்சரையும் கழற்றிவிடுங்கள். பெற்றோல் தாங்கிக்குக் கிட்ட என்றால் கழற்றிக் கீழே வைத்து ஒட்டச் சொல்லுங்கள். இதில் நேரம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

பூட்டும்போது

குழாயின் குறுக்களவு கம்பனி அளவாகவே இருக்கட்டும். பெரிய குழாய் போட்டால் இழுவை கூடும் என்று சொல்வார்கள். சாதாரணக் காரில் கூடுவது சத்தம்தான். கற்றலிட்டிக் கொன்வேட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாய் வைக்க விடாதீர்கள். அதற்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் இருப்பதால் வெளியில் விற்றால் அதற்கு நல்ல விலை உண்டு. வேலை முடிந்ததும் அது இருந்த இடத்தில் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வருடாந்தப் புகைப் பரிசோதனையில் அது இல்லாத குறை தெரியவரலாம். சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது.

பழைய இறப்பர்களை மீண்டும் மாட்டாதீர்கள். புது இறப்பரில் சைலன்சர் தொங்கி ஆட வேண்டும். நான் சொன்ன 5 மில்லிமீற்றர் விரிவு அங்கேதான் போகும். கேஸ்கட்டும் புதிது. போல்ட்டுக்கு ஸ்டெயின்லெஸ், நட்டுக்குப் பித்தளை என்றால் அடுத்த தடவை கழற்ற இலகு. சூடு தாங்கும் செப்புப் பசை தடவினால் இன்னும் நல்லது. 304 குழாயைப் பழைய இரும்புப் பிளாஞ்சோடு (குழாய்களை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) சேர்த்தால் உப்பு ஈரத்தில் இரும்புப் பக்கம் இன்னும் வேகமாகக் கரையும். முடிந்தால் பிளாஞ்சையும் 304இல் வெட்டுவியுங்கள்.

பூட்டிய பிறகு

முதல் நாள் சூட்டில் எண்ணெய்ப் பசை எரிந்து கொஞ்சம் புகையும் மணமும் வரும். அரை மணி நேரத்தில் நின்றுவிடும். ஒரு வாரம் ஓடிய பின், ஆறிய எஞ்சினில் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள்.

வாரத்தில் ஒரு நாளாவது காரை அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுங்கள். கல்முனைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தாலே உள்ளே தேங்கிய தண்ணீர் ஆவியாகிவிடும். மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். எழுவான்கரையில் பல கிணறுகள் உவர். அந்தத் தண்ணீரால் கழுவினால் உப்பின் மேல் உப்பு. குழாய்த் தண்ணீரைப் பயன்படுத்துங்கள், அதுவும் சைலன்சர் ஆறிய பிறகு. சூட்டோடு தண்ணீர் அடித்தால் ஒட்டிய இடமும் மனிஃபோல்ட்டும் வெடிக்கக்கூடும்.

மாரியில் வீதியில் வெள்ளம் நின்றால், வால்குழாய் மூழ்கும் ஆழத்தில் இறங்காதீர்கள். கொன்வேட்டருக்குள் இருப்பது பீங்கான். சூட்டோடு தண்ணீரில் முக்கினால் அதுவும் உடையலாம். எப்படியோ தண்ணீர் ஏறிவிட்டால், எஞ்சினுக்குள் தண்ணீர் போகவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு, அன்றே நீண்ட ஓட்டம் ஓட்டி உலர்த்துங்கள். அப்புறம் தை பிறந்து மழை ஓய்ந்ததும் ஸ்குரூ ட்ரைவரை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் போய், முன்னிருந்து பின்னுக்குத் தட்டிப் பாருங்கள்.